மார்கழியில் செல்ஃப் எடுக்காத கார்: தங்கச்சிமடம் வாசகருக்குப் பதில்

கேள்வி: அண்ணன், நான் தங்கச்சிமடத்தில் நண்டு வாங்கி விற்கிறேன். 2014-ல் வந்த டீசல் கார். பழைய வண்டியாக வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வீடு வடகடலைப் பார்த்தது, கார் முற்றத்தில் கூரை இல்லாமல்தான் நிற்கும். கார்த்திகை பிறந்ததிலிருந்து விடியற்காலை 4 மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் இரண்டு சுற்று இழுத்துவிட்டு நின்றுவிடும். 9 மணிக்கு வெயில் ஏறியதும் அதே வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. போன மார்கழியிலும் இதே கதைதான். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, திரும்பவும் வந்துவிட்டது. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஊட்டியில் வேலை பார்க்கும் மாமா, "குளிர்தான் காரணம், பேட்டரி மேல் வெந்நீர் ஊற்று" என்கிறார். கரைக்கு நேரத்தில் போகாவிட்டால் நண்டு வேறு ஆள் கைக்குப் போய்விடுகிறது. தை மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதாகவும் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள தம்பி,

செல்ஃப் மோட்டாருக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் நான்கு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் வண்டியில் எர்த் கெட்டிருக்கிறது என்பது என் கணக்கு. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் ஒரு கனமான கறுப்பு வயர் போகிறதே, அதன் நுனிகளில் இருக்கும் போல்ட்டுகளில் உப்பு ஏறியிருக்கும். வண்டியை நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காசு செலவில்லாமல் ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் குளிர். மாமா சொன்னதில் பொய் இல்லை. அவர் இருக்கும் ஊருக்கு அது சரிதான். பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை, குளிரில் அது மந்தமாகும். 25 டிகிரியில் முழு பலத்தோடு இருக்கும் பேட்டரி, தண்ணீர் உறையும் 0 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பலம் இழக்கும். மைனஸ் 18-ல் பாதியளவுக்குப் போய்விடும். இன்ஜின் ஆயிலும் குளிரில் தடித்துப்போய் செல்ஃபுக்குச் சுமை கூடும். இதெல்லாம் உண்மை. ஆனால் நம் பாம்பன் தீவில் மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குப் போர்வை தேவைப்படுகிறது, சரி. நல்ல பேட்டரியும் நல்ல வயரும் உள்ள டீசல் வண்டிக்கு அது ஒரு குளிரே கிடையாது. அரை சுற்றில் எடுக்க வேண்டும்.

அப்படியென்றால் ஏன் கார்த்திகை, மார்கழியில் மட்டும் இந்தத் தொந்தரவு? வாடைதான். இந்த மாதங்களில் காற்று வடகடலிலிருந்து நேராக உங்கள் முற்றத்துக்குள் அடிக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும் கச்சான் காலத்தில் தென்கடல் பக்கம் குந்துக்கால் வரை இருக்கிறவர்கள் படும் பாட்டை இப்போது நீங்கள் படுகிறீர்கள். காலையில் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதே உப்பு பானட்டுக்குக் கீழேயும் போய் உட்கார்ந்திருக்கிறது. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வது போல, ராத்திரி காற்றில் ஈரம் ஏறியதும் இரும்பு மேல் படிந்த உப்பு கசிந்து உப்புத் தண்ணீராகிவிடும். பகலில் காய்ந்து தூளாகும், ராத்திரி மறுபடி நனையும். நனைந்த உப்புக்கு நடுவில் செம்பு, பித்தளை, ஈயம், இரும்பு என்று வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கேயே ஒரு குட்டி பேட்டரி உண்டாகி, அதில் ஓர் உலோகம் மற்றதுக்காக அரித்துப்போகும்.

நம் பகுதியின் உப்புக்காற்று எப்பேர்ப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்கள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று பார்ப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு சோதனை மையம் வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பகுதி துருவால் பலவீனப்பட்டதால்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அத்தனை பெயின்ட் அடித்துப் பராமரித்த பாலத்துக்கே அந்த நிலை. உங்கள் காரின் எர்த் போல்ட்டில் யாரும் பெயின்ட்கூட அடித்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த 'டக்' சத்தத்துக்கு வருவோம். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் அளவுக்கு, சில நொடிக்கு அதற்கு மேலும்கூட, மின்சாரம் இழுக்கும். அந்த மின்சாரம் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சிவப்பு வயர் வழியாக மோட்டாருக்குப் போய், இன்ஜின் இரும்பு வழியாகவே திரும்பி, எர்த் வயரில் ஏறி மைனஸுக்கு வந்து சேர வேண்டும். போகும் வழி நன்றாக இருந்து திரும்பும் வழி அடைத்திருந்தால் மோட்டார் சுற்றாது. எவ்வளவு அடைப்பு போதும் தெரியுமா? மின்தடையை அளக்கும் ஓம் கணக்கில் 0.01 போதும். 200 ஆம்பியரை 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். 12 வோல்ட்டில் 2 வோல்ட் அந்த உப்புப் போல்ட்டிலேயே செத்துவிடுகிறது. பேட்டரியே இழுவையில் 10, பத்தரைக்கு இறங்கும் நேரம் அது. மிச்சம் எட்டு வோல்ட்டை வைத்துக்கொண்டு மோட்டார் என்ன செய்யும்? மேலே இருக்கும் சாலினாய்டு, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச், அது மட்டும் 'டக்' என்று ஒட்டும். அவ்வளவுதான்.

அதே 0.01 ஓம் ஹெட்லைட்டை ஒன்றும் செய்யாது. ஒரு பல்ப் ஐந்து ஆம்பியர்தான் எடுக்கும், இரண்டுக்கும் சேர்த்துப் போகும் இழப்பு 0.1 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. அதிலும் பல வண்டிகளில் லைட்டுக்கான எர்த் பாடியில், செல்ஃபுக்கான எர்த் இன்ஜினில் என்று தனித்தனியாக இருக்கும். அதனால் லைட் பளிச்சென்று எரியும், ஹாரன் அடிக்கும், பார்க்கிறவர் "பேட்டரி நல்லா இருக்கு, அப்போ செல்ஃப்தான் போச்சு" என்று சொல்லிவிடுவார். அவர் உங்களை ஏமாற்ற அப்படிச் சொல்லவில்லை. பார்த்த வரைக்கும் அவருக்கு அப்படித்தான் தெரியும். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு மூன்று நல்ல செல்ஃப்களைக் கழற்றி பெஞ்சில் வைத்துச் சுற்றிப் பார்த்து, அது ஜம்மென்று சுற்றியதைக் கண்டு முழித்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் எர்த்தை முதலில் பார்க்கும் பழக்கம் வந்தது.

9 மணிக்கு மட்டும் எப்படி எடுக்கிறது என்பீர்கள். வண்டி விளிம்பில் நிற்கிறது. 4 மணிக்குப் பேட்டரி ஒரு நூல் மந்தம், ஆயில் ஒரு நூல் கனம், போல்ட்டில் அடைப்பு என்று மூன்றும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடுகின்றன. வெயில் வந்ததும் முதல் இரண்டும் கொஞ்சம் தளர்கின்றன. அதோடு, விடியலில் நீங்கள் ஏழெட்டு முறை சாவியைத் திருப்பியிருப்பீர்கள். அதில் அந்த இணைப்பு சூடேறி, சில சமயம் உலோகம் எங்கேயோ ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும். குளிர் கடைசியாக வந்து சேர்ந்த ஆள். பழியை முழுக்க அது வாங்கிக்கொள்கிறது.

புதுப் பேட்டரி ஏன் ஒரு வருடம் தாங்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆல்டர்னேட்டர், நம் பக்கம் டைனமோ என்று சொல்கிறோமே, அது இன்ஜினில்தான் பூட்டியிருக்கிறது. அது தரும் சார்ஜும் அதே எர்த் வழியாகத்தான் பேட்டரிக்குள் போயாக வேண்டும். வழி அடைத்திருந்தால் பேட்டரி எப்போதும் அரை வயிறுதான். உங்கள் ஓட்டமும் அப்படி: வீட்டிலிருந்து கரை, கரையிலிருந்து கம்பெனி, நடுவில் நாலு இடத்தில் ஆஃப் செய்து ஆன் செய்வது, இருட்டில் ஹெட்லைட் வேறு. ஒரு முறை ஸ்டார்ட் செய்ததில் போனதை நிரப்புவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. அரை சார்ஜில் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாக ஏறாது. மேலும் ஒன்று: பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது சித்திரை வைகாசி வெக்கைதான். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கோடையில் நொந்துபோனது மார்கழியில்தான் வெளியே தெரியும். ஆகவே எர்த்தைச் சரி செய்த பிறகு பேட்டரியையும் ஒரு தடவை சோதித்துவிட வேண்டும்.

சரி, சோதனை. ஜம்ப் கேபிள் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்குங்கள். கனமான கேபிளாகப் பாருங்கள், ஒல்லி வயர் உதவாது. அடுத்த முறை காலை 4 மணிக்கு 'டக்' என்று நின்றதும் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு பானட்டைத் திறங்கள். அந்தக் கேபிளில் ஒரே ஒரு வயர் போதும், கறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியைப் பேட்டரியின் மைனஸ் முனையில், கிளாம்ப் மேல் இல்லாமல் நடுவில் தெரியும் ஈயக் குமிழிலேயே கவ்வ வையுங்கள். மறு நுனியை இன்ஜினைத் தூக்கும் கொக்கியிலோ பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்பிலோ கவ்வ வையுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கேபிள் தொங்கக் கூடாது. இப்போது சாவியைத் திருப்புங்கள். வண்டி வேகமாகச் சுற்றி எடுத்தால் உங்கள் எர்த் வயர்தான் குற்றவாளி. செல்ஃபுக்கு விடுதலை, பேட்டரியைப் பிறகு ஒரு தடவை சோதித்தால் போதும். உப்பு பிடித்த பழைய வழியைத் தவிர்த்துவிட்டு மின்சாரத்துக்கு ஒரு புது வழி கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் இதில் இருக்கும் விஷயம்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை மைனஸ் குமிழிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, வேறு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை காட்டினால் பரவாயில்லை. 1, 2 என்று ஏறினால் சந்தேகமே வேண்டாம். அதேபோல் பிளஸ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் 0.5-க்கு மேல் போகக் கூடாது.

கேபிள் போட்டும் 'டக்' மட்டும்தான் வருகிறதென்றால் பேட்டரிக்கு வாருங்கள். ராத்திரி முழுக்க ஓய்ந்து நின்ற பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால்வாசிதான் மிச்சம். சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் டைனமோவையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஆறு அறையையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து அறை 1.26 காட்டி ஒன்று மட்டும் 1.15 காட்டினால் அந்த அறை போய்விட்டது, எவ்வளவு சார்ஜ் போட்டாலும் வீண்.

இன்னொரு சின்னச் சோதனை, கடற்கரை ஊர்களுக்கென்றே சொல்வது. மீட்டரின் ஒரு முள்ளை மைனஸ் குமிழில் வைத்து, மற்ற முள்ளைப் பேட்டரியின் பிளாஸ்டிக் தலையில் அங்கங்கே தொட்டுப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் வோல்ட் காட்டுகிறதா? அப்படியானால் தலையில் படிந்த ஈர உப்பு வழியாகவே ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கசிகிறது. துடைத்தால் தீர்ந்தது.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் 'டக்' என்றால் செல்ஃபைக் கழற்றலாம். அப்போதும் முழு மோட்டாரையும் மாற்ற அவசரப்படாதீர்கள். சாலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தகடுகள் தேய்ந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றித் தரும் ஆட்கள் ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் இருக்கிறார்கள்.

சுத்தம் செய்யும் முறை. 10-ஆம் நம்பர் ஸ்பானர் பெரும்பாலும் போதும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றுங்கள். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கக்கூடியது. முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளை வெறுங்கையால் தொட வேண்டாம். சமையல் சோடா ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அறைக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது, மூடிகளை இறுக்கிவிட்டுச் செய்யுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள்.

முக்கியமான இடம் அதற்குக் கீழே இருக்கிறது. மைனஸ் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பாடியில் ஒரு போல்ட், கியர்பாக்ஸ் பக்கம் ஒரு போல்ட் இருக்கும். பெரும்பாலானவர்கள் பேட்டரி முனையைப் பளபளவென்று தேய்த்துவிட்டு இந்த இரண்டையும் தொடவே மாட்டார்கள். இரண்டையும் கழற்றுங்கள். வயர் நுனியில் இருக்கும் வளையத்தின் அடிப்பக்கத்தையும், அது உட்காரும் இரும்பையும் உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு மின்னும்வரை தேய்க்க வேண்டும். மேல்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும் அடிப்பக்கத்தில் பெயின்டும் துருவும் இருக்கும். பல் வைத்த வாஷர் போட்டு நன்றாக இறுக்குங்கள். உலோகமும் உலோகமும் நேராகத் தொட்டு இறுகிய பிறகுதான் மேலே வாசலினையோ கிரீஸையோ தாராளமாகத் தடவ வேண்டும். முதலிலேயே நடுவில் கிரீஸை அப்பிவிட்டு மேலே போல்ட்டை முறுக்குவதை நிறையப் பேர் செய்கிறார்கள், அது தப்பு.

தேய்த்தும் சரியாகவில்லை என்றால் வயரையே மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலை. போன ஐப்பசியில் தேவிபட்டினம் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. நுனி இரண்டும் புதிதுபோல இருந்தன. யாரோ நன்றாகத் தேய்த்து வைத்திருந்தார்கள். ஆனாலும் கேபிள் போட்டால் எடுக்கிறது, கேபிளை எடுத்தால் 'டக்'. எர்த் வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ரப்பர் தோல் லேசாக உப்பியிருந்தது. அழுத்தினால் உள்ளே நறநறவென்றது, மணலைப் பையில் கட்டியது போல. கத்தியால் கீறினேன். உள்ளே செம்புக் கம்பிகள் இருந்த இடத்தில் மயில்துத்த நிறத்தில் ஈரமான தூள். நூற்றுக்கணக்கான இழைகளில் ஏழெட்டுதான் முழுதாக இருந்தன, அவையும் கறுத்துப்போய். நுனி வழியாக உள்ளே இறங்கிய உப்புத் தண்ணீர், தோலுக்குள்ளேயே வருடக்கணக்கில் செம்பைத் தின்றிருக்கிறது. வெளியே ஒரு கீறல் இல்லை. அதற்குள் அந்த வண்டிக்கு இரண்டு பேட்டரி வாங்கியாகிவிட்டது.

இனி, செய்யக் கூடாதவை. பேட்டரி மேல் வெந்நீர் வேண்டவே வேண்டாம். நம் குளிருக்கு அதில் ஒரு பயனும் இல்லை, பிளாஸ்டிக் விரிசல் விடும், சுற்றியிருக்கும் வயர் சாக்கெட்டுகளில் தண்ணீர் இறங்கும். ஏர் ஃபில்டரில் ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யும் வித்தையை யாராவது காட்டினால் தடுத்துவிடுங்கள். டீசல் எரிவதற்காக இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அந்த வாயு வெடித்து இன்ஜினை உடைத்துவிடும். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றும் பழைய பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் தப்பித்துக்கொண்டார்கள். உங்கள் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரேயடியாக எகிறி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் போய்விடும், அதன் விலையைக் கேட்டால் தூக்கம் வராது. சாவியைப் பிடித்துக்கொண்டே அரை நிமிடம் நிற்பதும் வேண்டாம். பத்து நொடி போதும், எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் ஆறவிட்டு அடுத்த முயற்சி.

ஹீட்டர் பிளக் பற்றியும் யாராவது சொல்வார்கள். அதன் அடையாளமே வேறு. ஹீட்டர் பிளக் போனால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின்தான் பிடிக்காது. பிடித்தாலும் வெள்ளைப் புகையோடு தடதடக்கும். உங்களுக்குச் சுற்றவே இல்லை. ஆகவே இங்கே அதைத் தேட வேண்டாம்.

கொடைக்கானலுக்கு அது தேவைப்படும். ஏழாயிரம் அடி உயரம், தை மாத ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். காற்றின் அடர்த்தியும் நம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டீசல் இன்ஜின் காற்றை அழுத்திக் கிடைக்கும் சூட்டில்தான் எரிகிறது; காற்றும் குறைவு, குளிரும் கூட என்றால் ஹீட்டர் பிளக்கின் உதவி வேண்டும். கிளம்பும் முன் நான்கு பிளக்கையும் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே காலையில் ஏசி, லைட், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியை ஆன் வரை திருப்பி, டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான சுருள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். வேண்டுமானால் ஆஃப் செய்து இன்னொரு முறை அதேபோல. அப்புறம் கிளட்சை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்சை மிதித்தால் கியர்பாக்ஸின் தடித்த ஆயிலைச் சுற்றும் சுமை செல்ஃபுக்கு மிச்சம். ஆயில் மாற்றும்போது வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றச் சொல்லுங்கள். 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் "நம்ம ஊர் சூட்டுக்கு இது தாங்கும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டால் மலைக்காலையில் அது கஞ்சியாக நிற்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் கூலண்ட் கலவைக்கு மாறிவிடுங்கள். உறையும் பயத்துக்காக என்பதைவிட உள்ளே துரு வராமல் இருக்க.

டீசல் உறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். அது லடாக் போகிறவர்களுக்கு. அங்கே ஓட்டுவதற்கென்று 2019-ல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை இளகி நிற்கும் டீசலைத் தனியாகக் கொண்டுவந்தது. கொடைக்கானலில் நம் டீசலே போதும். எர்த்தும் பேட்டரியும் சரியாக இருந்தால், மதுரை, வத்தலக்குண்டு வழியாக அவ்வளவு தூரம் ஓடியதிலேயே பேட்டரி வயிறு நிறைந்துதான் மலை ஏறும்.

திரும்பி வந்த பிறகும் வாடை இருக்கும், அதற்குச் சில பழக்கங்கள். வண்டியின் மூக்கை வடகடல் பக்கம் வைத்து நிறுத்தாதீர்கள். வீட்டுச் சுவர் காற்றை மறைக்கும்படி, பின்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் தங்கிவிடும், அது இன்னும் மோசம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் வண்டியைக் கழுவாதீர்கள். குடிதண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை பிடித்து வைக்கும் ஊரில் காருக்கு அதை ஊற்றச் சொல்ல எனக்கே மனசு வராது. வாளியில் பாதி எடுத்து, துணி நனைத்துப் பிழிந்து, பானட்டின் உள் விளிம்பு, பேட்டரியின் தலை, கதவின் அடிப்பக்கம் இவற்றை வாரம் ஒரு முறை துடைத்தால் போதும். மழை நல்லபடியாகப் பெய்தால் வண்டியை வெளியே விட்டுவிடுங்கள், காசில்லாத சர்வீஸ்.

அப்புறம் நண்டு. டிக்கியில் தெர்மாகோல் பெட்டி வைத்து ஏற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐஸ் உருகி நண்டோடு வந்த கடல்நீரும் சேர்ந்து ஒழுகும் தண்ணீரிலும் உப்பு உண்டு. டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி டயர் இருக்கும் குழியைப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பானைக் கழற்றி வடித்துவிடுங்கள். பின்னால் எரியும் லைட்டுகளின் எர்த் போல்ட் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாகச் சேர்ந்து எரிந்தால் அங்கேயும் இதே கதை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கி அதற்குள் பெட்டியை வையுங்கள்.

இந்த வாரத்துக்குள் அந்தக் கேபிள் சோதனையைச் செய்து, என்ன சத்தம் வந்தது, மீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள். எண்கள் வந்தால் அடுத்து என்ன என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியும். எர்த் வயரை மாற்றுவதாக இருந்தால் பழைய வயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து தோலைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சைத் தூள் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து ஊட்டி மாமாவுக்கும் அனுப்பிவையுங்கள்.